ரிங்கில் அக்கா, கூண்டில் தங்கை

பிப்ரவரி 3

அக்கா,

நீ போனை எடுப்பதில்லை. அம்மாவின் போனில் கூப்பிட்டால், நீ குளிக்கிறாய், தூங்குகிறாய், கடைக்குப் போயிருக்கிறாய் என்று உனக்காகப் பொய் சொல்லிச் சொல்லி அவளும் அலுத்துவிட்டாள். பல் ஆஸ்பத்திரி வரவேற்பில் உட்கார்ந்து நாள் முழுக்க "வலிக்காது, வலிக்காது" என்று சொல்கிறவளுக்கே உன் விஷயத்தில் பொய் தீர்ந்துபோயிற்று. அதனால்தான் கடிதம். இதில் ஒரு வசதியும் இருக்கிறது. நீ குறுக்கே பேச முடியாது.

இங்கே எங்கள் ஜிம் ஒரு பழைய சரக்குக் கிடங்கு. தரை முழுக்க தடித்த விரிப்பு. வந்த புதிதில் என்னை விழுவதற்கு மட்டும்தான் பழக்கினார்கள். குத்துச்சண்டையில் விழுந்தால் அவமானம் என்று இத்தனை வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றவள், இங்கே காலையில் எழுந்ததும் வேலையே விழுவதுதான் என்று விழுந்துகொண்டிருந்தேன்.

போன வாரம் என் இரண்டாவது எம்.எம்.ஏ. போட்டி, குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்த, நீ திட்டுகிற அதே கூண்டுச் சண்டை. ஜெயித்துவிட்டேன். முதல் போட்டியில் தோற்றதை அம்மா உன்னிடம் சொல்லியிருப்பாள். இதையும் சொன்னாளா என்று தெரியவில்லை. ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். அதே அரங்கில் வெள்ளிக்கிழமை குத்துச்சண்டைப் போட்டி நடந்தது. போய்ப் பார்த்தேன். முன் வரிசையில் சண்டைக்காரர்களின் வீட்டு ஆட்கள், அதற்குப் பின்னால் வெறும் நாற்காலி. சனிக்கிழமை எங்கள் கூண்டைப் பார்க்க வந்தவர்கள் உட்கார இடமில்லாமல் படிகளில் நின்றார்கள். உன்னைக் குத்திக்காட்ட எழுதவில்லை. வெள்ளிக்கிழமை நானும் கைதட்டினேன், தனியாகக் கேட்டது.

நான் கிளம்பிய அன்று மாடிப்படியில் நின்று நீ சொன்னாய்: "அந்தக் கூண்டுல ஏறினா, நம்ம கிளப் படியை மிதிக்காதே." மிதிக்கவில்லை. ஆனால் கோபத்துக்கும் ஒரு அளவு உண்டு இல்லையா?

சின்னவள்


பிப்ரவரி 16

சின்னவளுக்கு,

கடிதம் வந்தது. கையெழுத்து இன்னும் கோழி கிளறியது போலவே இருக்கிறது.

நாற்காலிக் கணக்கெல்லாம் எனக்கு எழுத வேண்டாம். எனக்கு இங்கேயே ஜன்னல் இருக்கிறது. கீழே டயர் கடை, மேலே நம் குத்துச்சண்டைக் கிளப், எதிர்ச்சாரியில் முன்பு மெத்தைக் கடை இருந்ததே, அங்கே இப்போது உன் கூண்டுச் சண்டை ஆட்கள் ஒரு ஜிம் போட்டுவிட்டார்கள். முகப்பு முழுக்கக் கண்ணாடி. உள்ளே கட்டிப்பிடித்து உருளுகிறார்கள், வெளியே சனங்கள் பேருந்தை விட்டுவிட்டு நின்று பார்க்கிறார்கள். நம்மிடம் பழகிய பிள்ளைகள் ஒவ்வொருவராகத் தெருவைக் கடந்து போய்விட்டார்கள். போகிறவர்கள் போகட்டும். நம் ஜன்னல் பக்கம் திரும்பாமல் தலையைக் குனிந்துகொண்டு போகிறார்களே, அதுதான் எரிச்சல்.

கட்டட உரிமையாளர் நல்ல மனிதர்தான். நல்ல மனிதர் என்பதால் தன்மையாகச் சொன்னார்: ஆள் சேரவில்லை என்றால் மாடியையும் எதிர்ச்சாரிக்காரர்களே கேட்கிறார்கள், ரிங்கைக் கழற்றிவிட்டு விரிப்பு போடுவார்களாம்.

இந்தச் சமயத்தில் ஒருவர் வந்தார். போட்டி ஏற்பாட்டாளர். மாடிக்கு வந்த பிறகும் கூலிங்கிளாஸைக் கழற்றாமல் ரிங்கைச் சுற்றிப் பார்த்தார். உன்னை அவருக்குத் தெரியும். நாம் அக்கா தங்கை என்பதும் தெரியும். குத்துச்சண்டை பெரிதா, எம்.எம்.ஏ. பெரிதா என்று ஊரெல்லாம் வாயால் அடித்துக்கொள்கிறது, ஒரே வீட்டில் பிறந்த இரண்டு பேர் கையால் முடித்துவைத்தால் எப்படி இருக்கும் என்றார். சண்டை கூண்டுக்குள், உங்கள் விதிப்படி. ரிங்கில் என்றால் யாரும் வர மாட்டார்களாம்.

நான் சரி என்று சொல்லிவிட்டேன்.

அம்மாவுக்கு இதில் சம்மதமில்லை. நீ என்ன சொல்கிறாய் என்று எழுது.

அக்கா


பிப்ரவரி 25

அக்கா,

உனக்குப் பைத்தியம் பிடித்திருக்கிறதா? நான் மாட்டேன். கூலிங்கிளாஸ் இங்கேயும் வந்து எங்கள் கோச்சிடம் பேசிவிட்டார். கோச்சுக்கு ஒரே சந்தோஷம். நான் கையெழுத்துப் போடவில்லை.

உன் குத்து எப்படி இருக்கும் என்று இந்த உலகத்தில் என்னைவிட நன்றாக யாருக்கும் தெரியாது. ஆனால் நீ இடது தோளை அசைக்கும்போதே நான் உன் இடுப்பைப் பிடித்திருப்பேன். பிறகு நீ தரையில். தரையில் உனக்கு என்ன தெரியும்? ஒன்றுமே தெரியாது. மல்லாந்து படுத்துக்கொண்டு கையை வீசுவாய். அதைப் பார்த்து அரங்கமே சிரிக்கும். உன்னைப் பார்த்து நாலு பேர் சிரிப்பதை நான் பொறுத்துக்கொள்ள மாட்டேன், நீ என்மேல் எவ்வளவு கோபமாக இருந்தாலும்.

இன்னொன்று. நான் கூட்டத்துக்கு ஆசைப்பட்டு வந்தேன் என்றுதானே நினைக்கிறாய்? மண்டலக் குத்துச்சண்டை அணியில் நம் எடைப் பிரிவுக்கு ஒரே ஒரு இடம். ஒவ்வொரு வருடமும் அது உனக்கு. தேர்வே வைக்க மாட்டார்கள். பழைய பதக்கங்களைப் பார்த்துவிட்டு உன் பெயரை எழுதிவிடுவார்கள். நான் உன்னோடு பயிற்சிச் சண்டை போடுகிறவள். அதிலும், "அவளுக்குப் போட்டி வருது, மெதுவா அடி" என்று என்னிடம்தான் சொல்வார்கள். அக்காவுக்கு அடிபடக்கூடாது என்று என் குத்தை நானே பாதியில் நிறுத்தி நிறுத்திப் பழகினேன். கடைசியில் மற்றவர்களோடு சண்டை போடும்போதும் என் கை பாதியில் நின்றது. அதனால்தான் கிளம்பினேன். கூண்டுக்குள் என் கையை நிறுத்தச் சொல்ல யாரும் இல்லை.

இதைப் படியில் நின்றபோது சொல்லியிருக்கலாம். நீ பேசவிட்டால்தானே.

சின்னவள்


மார்ச் 20

சின்னவளே,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இத்தனை நாள் பதில் எழுதாமல் இருந்ததற்குக் காரணம், பேனா பிடிக்க விரல் மடங்கவில்லை. கோபம் இல்லை. உடம்பு வலி.

இங்கே கல்லூரியில் மல்யுத்தம் பழக்குகிற ஒரு அம்மாள் இருக்கிறார். காலையில் ஓட்டம் முடிந்ததும் அவரிடம் போகிறேன். அவருக்கு என் எடையில் பாதிகூட இருக்காது என்று எழுதலாம் போலிருக்கிறது, அப்படி ஒல்லி. என்னைத் தூக்கித் தூக்கிப் போடுகிறார். எழுந்தால் மறுபடி போடுகிறார். நம் ரிங்கில் ராணி மாதிரி நடந்தவள் அங்கே பள்ளிப் பிள்ளைகள் முன்னால் துணி மூட்டை மாதிரி உருளுகிறேன். நீ சொன்ன சிரிப்பை எல்லாம் இப்போதே கேட்டு முடித்துவிட்டேன். இனி அரங்கில் யார் சிரித்தாலும் எனக்குப் புதிதில்லை.

அணி இடத்தைப் பற்றி: உன் குத்தைப் பாதியில் நிறுத்தச் சொன்னது எனக்குத் தெரியாது. உன்மேல் சத்தியமாகத் தெரியாது. நீ மெதுவாக அடித்ததை உன் குத்தே அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தெரிந்த பிறகு எனக்கு வருத்தத்தைவிட அவமானம்தான் அதிகம். என்னைக் கண்ணாடிப் பாத்திரம் மாதிரி வைத்துப் பாதுகாத்திருக்கிறீர்கள்.

ஆகவே கையெழுத்துப் போடு. போட்டியின் பெயரைக் கூலிங்கிளாஸ் என்ன வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளட்டும். சண்டை முடியும்வரை மாடியை யாருக்கும் கொடுப்பதில்லை என்று உரிமையாளர் சொல்லியிருக்கிறார். எனக்கு மாடி வேண்டும். உனக்கு நிறுத்தாத கை வேண்டும். ஒரே ஒரு நிபந்தனை: பாவம் பார்க்காதே. பார்த்தால் எனக்குத் தெரிந்துவிடும்.

அக்கா


மார்ச் 31

அக்கா,

கையெழுத்துப் போட்டுவிட்டேன். பாவம் பார்க்க மாட்டேன்.

சண்டை முடியும்வரை எழுதாதே, நானும் எழுத மாட்டேன். உன் எழுத்தைப் பார்த்தால் என் கை மறுபடி நின்றுவிடும். முழங்கால் தரையில் உராய்ந்து தோல் போயிருக்கும், தேங்காய் எண்ணெய் தடவாதே, சீழ் பிடிக்கும். மருந்துக்கடையில் கேட்டால் களிம்பு தருவார்கள்.

சின்னவள்


ஜூன் 14

சின்னவளே,

சண்டை முடிந்ததும் நீ பின்வாசல் வழியாகப் போய்விட்டாய் என்றார்கள். அம்மா உன்னைத் தேடிக்கொண்டு உடை மாற்றும் அறைவரை போய்விட்டு, உன் துண்டை மட்டும் எடுத்துக்கொண்டு திரும்பினாள். நீ எப்படி இருக்கிறாய்? தாடை எப்படி இருக்கிறது? முதலில் அதை எழுது.

எனக்கு நடந்ததை நான் எழுதுகிறேன். தப்பிருந்தால் திருத்து.

முதல் சுற்றில் நீ என்னை மூன்று தடவை கீழே போட்டாய், நான் மூன்று தடவை எழுந்தேன். மல்யுத்த அம்மாள் வேலியைப் பிடித்துக்கொண்டு கத்தியது எனக்குக் கேட்டது. மூலையில் உட்கார்ந்தபோது, சமாளித்துவிடலாம் என்றுகூட நினைத்தேன். இரண்டாவது சுற்றில் நான் குத்த வந்த கையையே பிடித்து என்னோடு சேர்ந்து விழுந்தாய். நான் என்ன நடக்கிறது என்று பார்ப்பதற்குள் என் வலது கை உன் இரண்டு தொடைகளுக்கு நடுவே நேராக நீண்டிருந்தது. முழங்கையில் என்னவோ பிரிந்தது. தோற்றேன் என்று தரையைத் தட்டினால் விட்டுவிடுவாய் என்று தெரியும். நான் தட்டவில்லை. கூட்டம் என் பெயரைச் சொல்லிக் கத்தியது. நீ சொன்னாய், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி: "தட்டுக்கா." நான் தட்டவில்லை. "தட்டு, ஒடிஞ்சிடும்." நான் அப்போதும் தட்டவில்லை.

நீ விட்டுவிட்டாய்.

விட்டுவிட்டு எழுந்தாய். நானும் எழுந்தேன். உன் கைகள் இடுப்புக்கு இறங்கியிருந்தன. நான் யோசிக்கவே இல்லை. இடது கை தானாகப் போயிற்று. நீ விழுந்த சத்தத்தைக் கேட்ட பிறகுதான் என்ன செய்தேன் என்று தெரிந்தது. நடுவர் என் கையைத் தூக்கினார். குத்துச்சண்டை ஜெயித்துவிட்டது என்று ஒலிபெருக்கியில் கத்தினார்கள்.

மறுநாளே மாடிப்படியில் வரிசை. கூண்டுக்குள் போய்க் கூண்டையே உடைத்தவள் நான் என்று சொல்லிக்கொண்டு சேர வருகிறார்கள். உரிமையாளர் ரிங்குக்குப் புதுக் கயிறு வாங்கிக்கொடுத்திருக்கிறார். நான் கட்டுப் போட்ட கையோடு எல்லோருக்கும் தலையாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

ஏன் விட்டாய்? பாவம் பார்க்காதே என்று சொன்னேனே.

அக்கா


ஜூன் 26

அக்கா,

தாடை ஒடியவில்லை. ஒரு வாரம் கஞ்சிதான். அம்மாவின் ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தால் ஒரு கடைவாய்ப் பல்லுக்கும் வேலை இருந்திருக்கும், அது ஆடிக்கொண்டிருக்கிறது.

பாவம் பார்க்கவில்லை. இதை நீ நம்ப வேண்டும். நம்பாவிட்டால் நான் இங்கே பட்ட பாடெல்லாம் வீண். உன் கையை நான் நீட்டியபோதே சண்டை முடிந்துவிட்டது. அதற்கு மேல் அங்கே நடந்தது விளையாட்டு இல்லை. எங்கள் விரிப்பில் ஒரு காலையில் எத்தனையோ தடவை தட்டுகிறோம். கோச்சும் தட்டுகிறார். தட்டினால் விடுவார்கள், கை குலுக்கிக்கொண்டு மறுபடி ஆரம்பிப்போம். உனக்கு அது காலில் விழுவது மாதிரி. நீ தட்டப்போவதில்லை என்று தெரிந்ததும் எனக்கு இரண்டே வழி. ஒடிப்பது, இல்லை விடுவது. ஒடித்தால் ஜெயிப்பேன். எனக்கு அந்த ஜெயிப்பு வேண்டாம் என்று தோன்றிற்று, விட்டேன். இது நானே எடுத்த முடிவு. தங்கச்சி பாசம் என்று இதற்குப் பெயர் வைத்து என்னைச் சின்னப் பிள்ளையாக்காதே.

கையை இறக்கியது மட்டும்தான் முட்டாள்தனம். உன் எதிரில் கையை இறக்குகிறவள் விழத்தான் வேண்டும். குத்து நல்ல குத்து. அதில் எனக்கு வருத்தமில்லை.

கோச்சுக்கு வருத்தம். முடிக்கத் தெரியாதவளுக்கு அடுத்த போட்டி கிடையாது என்று சொல்லிவிட்டார். தினமும் அவர் வருவதற்கு முன்னால் போய் விரிப்பைத் துடைத்துவிட்டுப் பயிற்சியைத் தொடங்குகிறேன். என்னை வெளியே அனுப்பாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார். எவ்வளவு நாள் பார்ப்பார் என்று நானும் பார்க்கிறேன்.

நீ தட்டியிருக்க வேண்டும், அக்கா. அது ஒன்றுதான் எனக்கு உன்மேல் கோபம்.

சின்னவள்


ஜூலை 18

சின்னவளே,

உன் கடிதம் வந்த அன்று சாயங்காலம் புதிதாகச் சேர்ந்தவர்கள் எல்லோரையும் ரிங்கைச் சுற்றி உட்காரவைத்தேன். சண்டை வீடியோவைப் போட்டேன். கை நீண்டிருக்கிற இடத்தில் நிறுத்தி, "இங்க நான் தோத்துட்டேன். இதுக்கப்புறம் நடந்தது அவ விட்டுக்கொடுத்தது" என்று சொன்னேன். கூண்டை ஜெயிக்கக் கற்றுக்கொள்ள வந்தவர்கள் தெருவைக் கடந்து போகலாம், அங்கே நன்றாகவே கற்றுக்கொடுக்கிறார்கள், குத்துச்சண்டை வேண்டும் என்கிறவர்கள் நாளைக்குக் காலையில் ஓட வரலாம் என்றேன்.

பாதிக்கு மேல் வரவில்லை. உரிமையாளர் தலையில் கை வைத்துக்கொண்டார். வாயை மூடிக்கொண்டிருந்தால் என்ன குறைந்துவிடும் என்று கேட்டார். கூலிங்கிளாஸ் நேரிலேயே வந்து, நம் இருவருக்கும் மறு சண்டை வைக்க அவராகவே நாள் குறித்துவிட்டாராம், இப்படிச் செய்தால் யார் பார்க்க வருவார்கள் என்று கத்தினார். அம்மா அவருக்கு டீ போட்டுக் கொடுத்துவிட்டு, "அந்தக் கண்ணாடியக் கழட்டிட்டுப் பேசுங்க" என்றாள். கழற்றவில்லை, போய்விட்டார். மாடி இந்த வருடம் முடியும்வரை நம்மிடம் இருக்கும். அதற்குள் ஆள் சேர்க்க வேண்டியது என் பாடு. சேர்ப்பேன்.

எதிர்ச்சாரி கோச் மறுநாள் படியேறி வந்தார். அவருடைய ஆட்களுக்குக் குத்து வரவில்லையாம், வாரத்தில் ஒரு நாள் அனுப்பலாமா என்று கேட்டார். அனுப்புங்கள் என்றேன். பதிலுக்கு என்னை அவர் விரிப்புக்குக் கூப்பிட்டார். கைக்கட்டை அவிழ்த்துவிட்டுப் போன வாரம் போனேன். கண்ணாடிக்கு வெளியே பேருந்துக்கு நின்ற சனமெல்லாம் பார்க்க, என்னைவிடச் சின்னப் பெண் ஒருத்தி என் கழுத்தை மடக்கினாள். தட்டினேன். விட்டுவிட்டாள். அவ்வளவுதான் விஷயம் என்று அப்போதுதான் தெரிந்தது.

இப்போது முக்கியமான செய்தி. தேர்வுக் குழுவுக்கு நேரில் போனேன். இந்த வருடம் என் பெயரைச் சும்மா எழுதினால் நான் அணியில் சேர மாட்டேன், நம் எடைக்குத் திறந்த தேர்வு வைக்க வேண்டும் என்றேன். முனகிக்கொண்டே ஒப்புக்கொண்டார்கள். செப்டம்பரில் தேர்வு. உன் பெயரைக் கொடுக்கவில்லை. அதை நீயே வந்து கொடுக்க வேண்டும்.

வா. ரிங்கில், பத்து அவுன்ஸ் கையுறையோடு, நிறுத்தாமல் அடி. அந்த இடம் யாருடையது என்று ஒரு தடவையாவது சண்டை போட்டுத் தெரிந்துகொள்வோம்.

அக்கா


ஆகஸ்ட் 2

அக்கா,

பெயர் கொடுத்துவிட்டேன். கோச்சிடம் சொன்னேன். விரிப்பைச் சுருட்டி வைத்துவிட்டு, "போ. முடிச்சிட்டு வா" என்றார். ஜெயித்துவிட்டு வந்தால் கூண்டில் அடுத்த போட்டியும் தருவாராம்.

நான் உன் வீட்டில் தங்க மாட்டேன், விடுதியில் அறை எடுத்திருக்கிறேன். அம்மா திட்டுவாள், சமாளித்துக்கொள். உன் முகத்தைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டுவிட்டு மறுநாள் உன்னை அடிக்க என்னால் முடியாது.

சின்னவள்


செப்டம்பர் 22

சின்னவளே,

உன்னை வண்டியேற்றிவிட்டு வந்து இதை எழுதுகிறேன். நேற்றிரவு சாப்பிடும்போது வாய் வீங்கியிருந்ததால் இரண்டு பேராலும் பேச முடியவில்லை. அம்மா இரண்டு முகத்துக்கும் மாறி மாறி ஐஸ் வைத்துக்கொண்டே, தன் ஆஸ்பத்திரியில் குடும்பச் சலுகை உண்டு என்றாள். பேச வேண்டியதை எழுதிவிடுகிறேன்.

மூன்று நடுவர்கள் உனக்கு, இரண்டு பேர் எனக்கு. வீடியோவை இப்போதுதான் மறுபடி பார்த்தேன். கடைசிச் சுற்று எனக்கு என்றுதான் சாகும்வரை சொல்வேன். முதல் இரண்டும் உனக்கு. அதில் பேச்சே இல்லை. உன் வலது கை என் நெற்றியில் இறங்கியபோது, இத்தனை வருடம் இதைத்தானா என்னிடமிருந்து ஒளித்துவைத்திருந்தார்கள் என்று ஒரு நொடி நின்றுவிட்டேன். நீ அதையும் விடவில்லை. நின்ற இடத்திலேயே இன்னொன்று கொடுத்தாய்.

கூண்டில் நம்மைப் பார்க்க வந்த கூட்டத்தில் ஒரு துளிகூட நேற்று இல்லை. ஒரு பக்கம் நம் பிள்ளைகள், ஒரு பக்கம் எதிர்ச்சாரி ஆட்கள், நடுவில் அம்மா. நம் சண்டையைப் பார்க்கப் பயந்து வழக்கம்போல ரிங்குக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தவள் இரண்டாம் சுற்றில் திரும்பிவிட்டாளாம், மல்யுத்த அம்மாள் சொன்னார். கடைசி மணி அடித்ததும் இரண்டு பக்கமும் எழுந்து நின்று கைதட்டியது உனக்குக் கேட்டதா? எனக்குக் காது அடைத்திருந்தது, பார்க்க மட்டும்தான் முடிந்தது. என் வாழ்க்கையில் நான் போட்ட நல்ல சண்டை அதுதான். அதில் தோற்றேன்.

இன்று காலை எதிர்ச்சாரியிலிருந்து நான்கு பேர் குத்துச்சண்டைக்கே பெயர் கொடுத்தார்கள். மாடிக்கு இது போதாது. இன்னும் ஆள் பிடிக்க வேண்டும், பிடிக்கிறேன்.

மண்டல அணிச் சட்டை உனக்கு இந்த வாரம் தபாலில் வரும். தோள் கொஞ்சம் அகலமாக இருக்கும், என் அளவுக்குத் தைத்தது. மாற்றித் தைக்காதே, உன் தோளை வளர்த்துக்கொள். நாளைக்கு விடியும் முன் ஓடப்போகிறேன். அடுத்த வருடத் தேர்வுக்கு இப்போதே நாள் ஓடத் தொடங்கிவிட்டது. அந்தச் சட்டையை நன்றாக உழைத்துப் போட்டுக்கொள். திரும்ப வாங்க வருவேன்.

அக்கா